நினைவில் நிற்பது அவர் நடத்திய பாடமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மறைந்த பின்னும் மாணவர் நெஞ்சில் வாழ்வது அவர் காட்டிய அன்பாலா, நடத்திய பாடத்தாலா? பாடத்தால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யுவின் கடிதத்தை எடுத்துக்காட்டினார். 1957-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும், தாய்க்கு அடுத்தபடியாகத் தாம் நினைத்தது தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனைத்தான் என்று அவருக்கே எழுதினார் காம்யு. ஏழைச் சிறுவனான தம்மை நோக்கி நீண்ட அன்புக் கரத்தை அதில் நினைவுகூர்ந்தார். மறுக்கவில்லை. ஆனால் அணித்தலைவர் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார், நடுவர் அவர்களே! அன்புக் கரத்தை அடுத்து அதே வாக்கியத்தில் வருவது அவருடைய கற்பித்தல். அந்தக் கரம் என்ன செய்தது? போரில் தந்தையை இழந்த பையனைப் பள்ளி நேரத்துக்குப் பிறகும் உட்காரவைத்து, காசு வாங்காமல், உதவித்தொகைத் தேர்வுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. தலையைத் தடவிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அன்பு இருந்திருக்கும். அந்தக் கடிதம் இருந்திருக்காது.

இராமேஸ்வரத்துக்கு வாருங்கள். ஐந்தாம் வகுப்பு. சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்குகிறார். புரிந்ததா என்று கேட்கிறார். புரியவில்லை என்கிறான் சிறுவன் அப்துல் கலாம். மற்றவர்களுக்கும் புரியவில்லை. அவர் சினந்துகொள்ளவில்லை. மாலையில் வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடித்து மேலெழுவதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் காட்டினார். தம் வாழ்க்கையின் திசையை முடிவு செய்தது அந்த வகுப்புதான் என்று கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்னார். அந்த ஆசிரியரின் அன்பு எங்கே இருந்தது? 'புரியவில்லை' என்ற பதிலை ஏற்று, பாடத்தை வேறு வழியில் மீண்டும் நடத்தினாரே, அங்கேதான் இருந்தது!

"பாடம் மறந்துபோகும், பாசம் மறக்காது" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அன்பு காட்ட நமக்குத் தாய் உண்டு, பாட்டி உண்டு, அண்டை வீட்டார் உண்டு. அவர்களை விட்டு ஓர் ஆசிரியரைத் தனியே நினைக்கிறோம் என்றால், அவர்கள் யாரும் தராத ஒன்றை அவர் தந்திருக்க வேண்டும் அல்லவா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1933, 1934 ஆண்டுகளில், அவர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார் மாணவர் உ.வே.சாமிநாதையர். ஆசிரியரிடம் பாடம் கேட்ட அந்த ஐந்தாண்டு உயிரோடு இருந்ததால்தான் முதிய வயதில் அப்படி எழுத முடிந்தது.

என் கணக்கு ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. தெரியாத கேள்வியைக் கேட்டால், "தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பார். மறுநாள் மணி அடித்ததும் முதல் வேலையாக விடையைச் சொல்வார். ஒரு நாளும் தவறியதில்லை.

அவருடைய நினைவுக் கூட்டத்தில் பலர் அவர் நல்லவர் என்று பேசினார்கள். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு தலை நரைத்த பழைய மாணவர் ஒருவர் எழுந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். உரை எழுதி வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அது வெற்றுத்தாள். அதை இரண்டாக மடித்தார், மறுபடி மடித்தார், மறுபடியும் மடித்தார். உயர்த்திப் பிடித்து, ஆசிரியரின் குரலிலேயே கேட்டார்: "பின்னத்தில் கீழே இருக்கிற எண் பெரிதாகிக்கொண்டே போகிறது. துண்டு ஏன் சிறிதாகிறது?"

வெவ்வேறு ஆண்டுகளில் அவரிடம் படித்த நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் விடை சொன்னோம், நடுவர் அவர்களே.