உப்பு ஜாடியும் காலை டீயும்

(கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் பேசியது. பேச்சை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை போடும் சத்தத்தில் பின்னால் இருக்கிறவர்களுக்கு என் குரல் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

என்னைக் கூப்பிட வந்த தங்கச்சி, "டாக்டரம்மா, ஹார்மோன் பேலன்ஸ் பத்திப் பேசுங்க" என்றார். திடீரென்று எதற்கு என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். ஒரு டப்பாப் பொடிக்கு விளம்பரம். வெந்நீரில் கலந்து குடித்தால் எல்லா ஹார்மோனும் சமநிலைக்கு வந்துவிடுமாம். குழுவில் நாலு பேர் வாங்கியும் விட்டார்கள். யார் என்று கேட்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஹார்மோன் என்பது ஒரே சரக்கு இல்லை. ஐம்பதுக்கு மேல் இருக்கிறது. அந்தப் பெயரே 1905இல்தான் வந்தது. லண்டனில் ஸ்டார்லிங் என்கிற உடலியல் அறிஞர், இதே மாதிரி ஒரு சொற்பொழிவில் முதலில் சொன்னார். கிரேக்கச் சொல், 'தூண்டிவிடுவது' என்று அர்த்தம். கணையத்தில் இன்சுலின், கழுத்தில் தைராக்சின், சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனலில் கார்ட்டிசால், சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, கூடினால் ஒரு தொல்லை, குறைந்தால் இன்னொரு தொல்லை. அத்தனைக்கும் சேர்த்து ஒரு பொடி என்றால், குழாய் ஒழுகினாலும் கரண்ட் போனாலும் தாழ்ப்பாள் உடைந்தாலும் ஒரே ஆணியை அடி என்கிற கதைதான். இனிமேல் யாராவது "உனக்கு ஹார்மோன் சரியில்லை" என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த ஹார்மோன்?

நான் இன்றைக்குத் தைராய்டைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருவது அது. இந்த மலையோடு அதற்குப் பழைய உறவும் உண்டு.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த மாதிரி ஒரு சுரப்பி. இருபது கிராம் சுமாருக்கு இருக்கும். உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். அது மந்தமானால் எல்லாமே மந்தம்: அசதி, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டல், மாதவிலக்கில் அதிகப் போக்கு, குரல் கம்மல். குளிர் தாங்காது. இதில்தான் நம் ஊரில் ஒரு சங்கடம். கோத்தகிரியில் டிசம்பரில் யாருக்குத்தான் குளிராது? ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி ஒன்றோடு நிற்கிறாளே என்று மட்டும் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டிஎஸ்எச் என்று எழுதியிருக்கும். எண் கூடியிருந்தால் தைராய்டும் கூடிவிட்டது என்றே எல்லாரும் நினைக்கிறீர்கள். விஷயம் தலைகீழ். சிலோனிலிருந்து வந்த பாட்டிமார் இங்கே இருக்கிறீர்கள், கங்காணியைத் தெரியும். (சிரிப்பு.) மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு கங்காணி. ஆள் ஒழுங்காகக் கொழுந்து பறித்தால் அவர் மெல்லப் பேசுவார். பறிக்காவிட்டால் கத்துவார். டிஎஸ்எச் என்பது அந்தக் கத்தல். எண் ஏற ஏற, கீழே வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருந்தால் சாதாரணப் பேச்சு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிற பிள்ளைகள், ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அதை நிறுத்துங்கள். பரிசோதனையின் எண்ணையே அது குழப்பிவிடும்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தில் இலை பறிக்கிற ஒரு அக்கா. டிஎஸ்எச் 18. தைராக்சின் 50 மைக்ரோகிராம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 16. 75 ஆக்கினேன். மறுபடியும் அதே கதை, 100 ஆக்கினேன். "மாத்திரை போடுறியா இல்லையா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அந்த அக்கா பதில் பேசாமல், பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். நூறு மாத்திரை பாட்டில், ஒன்று பாக்கியில்லை. அப்போதுதான் கேட்டேன், எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று. விடியற்காலை ஐந்தரைக்குப் பால் டீ, அதோடு இந்த மாத்திரை, நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து ஒரே மடக்கு. மறக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் டீ டம்ளர் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அத்தனை ஒழுங்கு! பாலில் இருக்கிற கால்சியமும் அந்த இரும்பும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். ரத்தத்தில் ஏறியது கொஞ்சம்தான். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மாத்திரையை எழுந்ததும் வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீ, இரும்பு மாத்திரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினோம். கடைசியில் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று.

விடியற்காலையில் டீ இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்வது நீலகிரியில் பெரிய தண்டனை, தெரியும். முடியாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாத்திரையை ஆரம்பித்த மறு வாரமே ரத்தம் பார்க்க ஓட வேண்டாம். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுத்தால்தான் எண் நிஜம் பேசும்.

இனி உப்பு. தைராக்சின் செய்ய அயோடின் வேண்டும். ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250 சுமாருக்கு. ஆயுசு முழுக்கக் கூட்டினாலும் ஒரு டீஸ்பூன் தேறாது. ஆனால் மலை மண்ணில் அது தங்காது. ஆயிரக்கணக்கான வருஷமாகப் பெய்கிற மழை அதை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. தாய்க்கு அயோடின் போதாவிட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். அயோடின் போதாமல் தைராய்டு வீங்கி வரும் முன்கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும், பிள்ளையின் மூளைக்கு ஆனது தெரியாது.

குன்னூரில் பாஸ்டர் நிலையத்தைப் பஸ்ஸில் தாண்டிப் போகிறோமே, அங்கே 1918இல் மெக்கரிசன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் ஒரு சின்ன அறையில் பெரிபெரி என்கிற சத்துக்குறை நோயைப் பற்றி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இங்கே வருவதற்கு முன்னால் அவர் வடக்கே காஷ்மீர்ப் பக்கத்துக் கில்கிட் மலையில் கழலையைப் பற்றி ஆராய்ந்தவர். தண்ணீரில் வரும் கிருமிதான் காரணம் என்று நம்பி, அந்தத் தண்ணீரை வடிகட்டிய கசடைத் தானே குடித்துப் பார்த்தார். மனிதருக்கு நெஞ்சுரம்தான்! விடை முக்கியமாக அயோடினில் இருந்தது. அதை நம் நாட்டில் சந்தேகமில்லாமல் காட்டியவர் ராமலிங்கஸ்வாமி என்கிற டாக்டர். அவரும் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான். 1956இலிருந்து இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் சில ஊர்களுக்கு அயோடின் கலந்த உப்பு, சில ஊர்களுக்குச் சாதா உப்பு என்று கொடுத்துப் பார்த்தார். அயோடின் உப்பு போன ஊர்களில் கழலை மளமளவென்று குறைந்தது. 1962இல் அரசாங்கம் கழலைத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது.

இன்று நம் கைக்கு வரும் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. கடையில் இருக்கிறது, சரி. வீட்டில் இருக்கிறதா? ஆடி மாதத்தில் உப்பு என்ன ஆகும்? நீர்த்துப்போய்க் கஞ்சி மாதிரி நிற்கும். அதற்காக என்ன செய்கிறோம்? ஜாடியை அடுப்பு மேடையில், சூடு படும் இடத்தில், கை விடச் சௌகரியமாக மூடியில்லாமல் வைக்கிறோம். என் மாமியார் அப்படித்தான் வைப்பார், நானும் பத்து வருஷம் வைத்தேன். ஈரமும் சூடும் அயோடினுக்கு ஆகாது. அடுப்பிலிருந்து தள்ளி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள். உப்பைக் கூட்டச் சொல்லவில்லை, ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் என் மேல் பழி போட்டுவிடாதீர்கள். இப்போது பட்டணத்திலிருந்து ரோஸ் நிற இந்துப்பு மோகம் வேறு மலை ஏறி வந்திருக்கிறது. அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் ஒழிய அதை நம்பி இருக்காதீர்கள். கல் உப்புக்கும் இதே பேச்சுதான்.

கோஸ் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன், தன் வீட்டுக்காரிக்குத் தைராய்டு வந்ததால் வீட்டில் கோஸே சமைப்பதில்லை என்றார். 1928இல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக் கூடத்து முயல்களுக்குக் கோஸே தீனியாகப் போட்டதில் கழலை வந்தது. அந்தக் கதைதான் இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது. நாம் முயல் இல்லை. வேக வைத்த பொரியல், அயோடின் உப்பு, இரண்டும் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

இன்சுலின், சினைப்பை நீர்க்கட்டி இதற்கெல்லாம் தனிக் கூட்டமே வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லாமல் போக முடியாது. முட்டி வலிக்கு, பேர் எழுதாத பொட்டலத்தில் மாத்திரை வாங்குகிறீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. பல பொட்டலங்களில் இருப்பது ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசாலின் தம்பி. மாதக்கணக்கில் போட்டால் முகம் முழுநிலா மாதிரி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அட்ரீனல் நமக்கு வேலையில்லை என்று தூங்கிப்போகும். அப்படிப்பட்டவர்கள் என் பேச்சைக் கேட்டு இன்றே பட்டென்று நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டும். திட்ட மாட்டேன்.

இனி எல்லார் கழுத்தையும் பார்த்துவிடலாம். டம்ளரில் தண்ணீர் வந்துவிட்டதா? இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே திரும்பி உட்காருங்கள். மப்ளரை அவிழுங்கள், தலையைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள். ஒருத்தர் ஒரு வாய் விழுங்க, மற்றவர் கழுத்துக் குழிக்கு மேலே பாருங்கள். விழுங்கும்போது ஏதாவது மேடு கூடவே ஏறி இறங்கினால், பயப்பட வேண்டாம், இந்தப் பெஞ்சுக்கு வந்து வரிசையாக உட்காருங்கள். கடைசி பஸ் வரை நான் இங்கேதான் இருப்பேன்.