பாலைவனத்தில் கண்ணாடிக்கு முதலிடம், நிலாவில் தீப்பெட்டிக்குக் கடைசி இடம்: உங்கள் டீம் உயிர் பிழைக்குமா?

விமானம் விழுந்துவிட்டது. சுற்றிலும் சொனோரன் பாலைவனம். விமானியும் துணை விமானியும் உயிரோடு இல்லை. காலை பத்து மணி. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் 43 டிகிரியைத் தொட்டுவிடும். கையில் மிஞ்சியது 15 பொருட்கள். அதில் தண்ணீர் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, திசைகாட்டி, துப்பாக்கி, ஆளுக்கு ஒரு ஓவர்கோட், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் இருக்கின்றன.

எதற்கு முதலிடம்? வீடியோவை ஐந்து விநாடி நிறுத்திவிட்டு யோசியுங்கள். நிறுத்தாமல் பார்க்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

விடை: கண்ணாடி. சரி, இரண்டாவது தண்ணீர்தானே? அதுவும் இல்லை. ஓவர்கோட்! 43 டிகிரி வெயிலில் கோட்டா என்று கேட்பீர்கள். வறண்ட காற்று உடம்பில் நேரடியாகப் பட்டால் வியர்வை மடமடவென்று ஆவியாகிவிடும். கோட் அதை மட்டுப்படுத்தும், அதாவது உடம்புக்குள் இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றும். பாட்டிலில் இருக்கிற தண்ணீர் மூன்றாவது இடம்தான். கண்ணாடியோ வெயிலைத் திருப்பிவிட்டுப் பல மைல் தூரத்தில் பறக்கிற விமானிக்கும் ‘இங்கே இருக்கிறோம்’ என்று சொல்லிவிடும்.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு சர்வைவல் சிமுலேஷன், அதாவது கற்பனை ஆபத்தில் ஒரு குழுவை மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் விளையாட்டு. வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: பாலைவன விளையாட்டை உருவாக்கியவர் ஜே. கிளேட்டன் லாஃபர்ட்டி, நிலா விளையாட்டுக்குச் சொந்தக்காரர் ஜே ஹால், இரண்டும் அமெரிக்காவில் 1970-களில் பரவி இன்றுவரை பயிற்சி வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவுதான்.

விளையாடுவது எளிது. முதலில் ஒவ்வொருவரும் வாயைத் திறக்காமல் தனியாக 15 பொருட்களையும் வரிசைப்படுத்த வேண்டும். அப்புறம் குழுவாகப் பேசி ஒரே வரிசை. கடைசியில் நிபுணரின் வரிசையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருளும் எத்தனை இடம் தள்ளிப்போயிருக்கிறது என்று கூட்ட வேண்டும். 0 வந்தால் நீங்களே நிபுணர். அச்சு அசலாகத் தலைகீழாகப் போட்டால் 112, அதற்கு மேல் மோசமாக முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கிப் போட்டாலே சராசரியாக 75 வரும். ஆகவே உங்கள் குழு ஒரு மணி நேரம் பேசி 80 வாங்கினால், சீட்டே மேல்.

[திரையில்: நிலாவின் படம்]

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. நிலாவில் வெளிச்சமான பக்கத்தில் இறங்கிவிட்டீர்கள், ஆனால் தாய்க்கலம் 320 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடந்தே போக வேண்டும். முதலில் இந்தக் கதையையே கொஞ்சம் கேலி செய்துகொள்கிறேன். 1972-இல் அப்பல்லோ 17 வீரர்கள் ஜீப் மாதிரி ஒரு வண்டி வைத்திருந்தும் தங்கள் கலத்தை விட்டு 7.6 கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போனதில்லை. மனிதன் நிலாவில் போன அதிகபட்ச தூரமே அதுதான். நம் குழு மட்டும் 320 கிலோமீட்டர் நடக்குமாம். சரி, விளையாட்டு என்றால் விளையாட்டுதான்.

ஆக்சிஜன் முதலிடம், தண்ணீர் இரண்டாமிடம். இதில் சண்டையே வராது. சண்டை ஆரம்பிப்பது தீப்பெட்டியில்தான். காட்டுக்குப் போகிற பழக்கத்தில் அதை மேலே ஏற்றிவிடுகிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் தீக்குச்சி எப்படி நின்று எரியும்? 15-ஆவது இடம். திசைகாட்டிக்கு 14. முள்ளை இழுத்துப் பிடிக்கப் பூமி முழுக்க ஒரு காந்தப்புலம் இருக்கிறது, நிலாவில் அப்படி இல்லை. அங்கங்கே பாறைகளில் ஒட்டியிருக்கிற மிச்சசொச்சத்தை வைத்து வடக்கைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து துப்பாக்கி. ‘காற்று இல்லாவிட்டால் அதுவும் வெடிக்காதே’ என்று ஒருவர் அடித்துச் சொல்வார். வெடிக்கும்! தோட்டாவின் மருந்துக்குள்ளேயே எரிவதற்கான ஆக்சிஜன் வேதிப்பொருளாகக் கலந்திருக்கிறது. சுட்டால் குண்டு முன்னே போகும், பின்னுதைப்பு உங்களைப் பின்னே தள்ளும். அதனால் விடைத்தாள் அதைத் தள்ளிவிடும் கருவியாகக் கணக்கில் எடுத்து 11-ஆவது இடம் கொடுக்கிறது. தண்ணீரே இல்லாத ஊரில் ரப்பர் படகுக்கு அதைவிட மேலே, 9-ஆவது இடம். படகை ஊதவைக்கிற வாயுக் குடுவையையும் உந்துதலுக்குப் பயன்படுத்தலாமாம்.

விடைத்தாள் ஒன்றும் வேதவாக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர வரைபடத்துக்கு மூன்றாமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பகலில் நிலாவில் நின்ற அப்பல்லோ வீரர்களுக்கு, தரையின் வெளிச்சக் கூச்சத்தில் நட்சத்திரம் கண்ணில் படுவதே பெரும்பாடாக இருந்தது. என்னைக் கேட்டால், விடைத்தாளோடு சண்டை போடுகிற குழுதான் நல்ல குழு.

திசைகாட்டியை இன்னும் விடப்போவதில்லை. அமெரிக்க-கனடா எல்லைப் பக்கத்துப் பனிக்காட்டில் விமானம் விழுகிற மாதிரி ஒரு விளையாட்டு உண்டு, அதில் 12 பொருட்கள். அங்கே காந்தப்புலம் இருக்கிறது, திசைகாட்டியும் ஒழுங்காக வேலை செய்யும். ஆனாலும் கடைசி இடம் அதற்குத்தான்! காரணம், அது கையில் இருந்தால் யாராவது ஒருவர் ‘வாங்க, நடப்போம்’ என்று கிளம்பிவிடுவார். குளிரில் நடந்தால் சாவு. எண்ணெய் தீர்ந்த சிகரெட் லைட்டருக்கு முதலிடம், ஏனென்றால் அதில் பொறி வரும். அந்தப் பொறியை நெருப்பாக்கப் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாருக்கு இரண்டாமிடம். திசைகாட்டி, ஏதோ செய்கிறோம் என்கிற தெம்பை மட்டும் கொடுக்கும்.

‘அப்படியானால் இருந்த இடத்திலேயே இருப்பதுதான் எப்போதும் சரியா?’ இல்லை. 1972 அக்டோபரில் ஆண்டீஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தில் தப்பியவர்கள், தேடுதல் நிறுத்தப்பட்டதை ரேடியோவில் கேட்டார்கள். யாரும் வரப்போவதில்லை என்றால் கணக்கே மாறிவிடுகிறது அல்லவா? நந்தோ பராடோவும் ரொபெர்தோ கனேசாவும் பத்து நாள் நடந்து உதவியைக் கொண்டுவந்தார்கள். 16 பேர் பிழைத்தார்கள்.

இனி, பயிற்சி நடத்துகிறவர்கள் என்னைத் திட்டப்போகிற இடம்.

[திரையில்: 60, 52, 48, 28]

நான்கு பேர் தனித்தனியாக வாங்கிய மதிப்பெண் இவை என்று வைத்துக்கொள்வோம். குறைவாக இருந்தால் நல்லது, ஞாபகம் இருக்கிறதா? சராசரி 47. குழுவாகப் பேசி 40 வாங்கினார்கள். உடனே டிரெய்னர் கை தட்டச் சொல்வார்: ‘பார்த்தீர்களா, ஒற்றுமையின் பலம்!’ கொஞ்சம் பொறுங்கள் சார். அந்த 28 வாங்கியவர் என்ன ஆனார்? விஷயம் தெரிந்த ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தும் குழு அவரை விட 12 புள்ளி மோசமாக முடிவெடுத்திருக்கிறது.

சராசரியை ஜெயிப்பதில் பெருமையும் இல்லை. நிலா விளையாட்டில் நைலான் கயிற்றுக்குச் சரியான இடம் 6. நீங்கள் 2 போடுகிறீர்கள், நான் 10 போடுகிறேன். இருவருக்கும் தலா 4 பிழை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6, பிழை பூஜ்யம். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை! தப்புகள் எதிரெதிர்ப் பக்கம் விழுந்து அடித்துக்கொள்வதற்குப் பெயர் டீம் ஒர்க்கா? குழு தன் சிறந்த ஆளை விட நன்றாகச் செய்ததா என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் இதே நிலா விளையாட்டு. மார்க்கர் பேனா என் கையில். நான் திசைகாட்டியை நான்காவதாக எழுதிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன தம்பி ஒருவர், ‘சார், அங்கே காந்தப்புலம் கிடையாதே’ என்று மெல்லச் சொன்னார். நான், ‘சரி சரி, அப்புறம் பார்ப்போம்’ என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. மற்றவர்கள் கும்பலோடு கோவிந்தா. தனி மதிப்பெண்ணில் அந்தத் தம்பிதான் முதல். நான்? சீட்டுக் குலுக்கியதற்குக் கொஞ்சம் மேல்.

1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழுவினருக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்ததைத்தான் குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி மேசைக்கு வருவதே அரிதாக இருந்தது, நல்ல வேட்பாளர் கைநழுவிப் போனார். அந்தத் தம்பியின் காந்தப்புலம் மாதிரி.

இதற்கு ஜே ஹால் சொல்லும் விதிகள் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவை கொஞ்சம் எரிச்சலூட்டும். ஓட்டெடுப்பு கூடாது. சராசரி கூடாது. காசு சுண்டக் கூடாது. ‘உன் கயிற்றை நான் ஒத்துக்கொள்கிறேன், என் பால் பவுடரை நீ ஒத்துக்கொள்’ என்ற பேரம் கூடாது. சண்டை வேண்டாம் என்பதற்காக மட்டும் விட்டுக்கொடுக்கவும் கூடாது. எல்லோரும் சீக்கிரம் தலையாட்டிவிட்டால் சந்தேகப்பட வேண்டும், ‘ஏன் ஒத்துக்கொண்டாய்?’ என்று கேட்க வேண்டும். மௌனம் சம்மதம் என்பது இந்த மேசையில் செல்லாது. இப்படிச் சொல்லிக்கொடுத்த குழுக்கள், சொல்லிக்கொடுக்காத குழுக்களை விட நன்றாகச் செய்ததாக 1970-இல் ஹாலும் வாட்சனும் எழுதினார்கள்.

நானாகச் சேர்ப்பது இரண்டு. மார்க்கரை மேலதிகாரியிடம் கொடுக்காதீர்கள், அவர் கடைசியில் பேசட்டும். விளையாட்டு முடிந்ததும் மதிப்பெண்ணைப் படித்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். விளையாடிய அளவு நேரம் உட்கார்ந்து, சரியாகச் சொன்னவர் யார், எந்த நிமிடத்தில் அவரை விட்டுவிட்டோம் என்று பேசுங்கள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் இது வெறும் புதிர்ப்போட்டி.

போவதற்கு முன் ஒரு பட்டியல் உங்களுக்கு. நடுக்கடல், ரப்பர் படகு. முகச்சவரக் கண்ணாடி, கடலோடிகள் நட்சத்திரக் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட், ஐந்து கேலன் தண்ணீர், எண்ணெயும் பெட்ரோலும் கலந்த இரண்டு கேலன் டின். இந்த நான்கை வரிசைப்படுத்தி கமெண்டில் போடுங்கள். நண்பர்களோடு சேர்ந்து செய்தீர்கள் என்றால், மார்க்கர் யார் கையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.