புட்டியில் அடைத்த பழம்

நேயர்களுக்கு வணக்கம். காய் நறுக்கவே நேரமில்லை, அதற்குப் பதிலாகக் காய்கனிப் பொடி அடைத்த காப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டால் போதாதா என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. நான் எப்போதும் ஒரு கப்பல் கதையில்தான் ஆரம்பிப்பேன். வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள், நீங்களாவது கேளுங்கள்.

1747. சால்ஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய். ஈறு வீங்கி இரத்தம் கசியும், கால் தளர்ந்துபோகும். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். இரண்டு பேருக்குக் காடி, இரண்டு பேருக்கு, பாவம், கடல்நீர், இப்படி ஆறு விதமான வைத்தியம். ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது, ஆனால் அதற்குள் ஒருவர் எழுந்து வேலைக்கே போய்விட்டார்! எல்லோரும் கதையை இங்கே முடித்துவிடுவார்கள், எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவதுதான். பழம் அழுகிவிடுமே, சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் புட்டியில் அடைத்துக்கொள்ளலாம் என்று அதே லிண்ட் 1753-இல் எழுதினார். ஸ்கர்வி வருவதே வைட்டமின் சி குறைவால்தான், காய்ச்சிய சூட்டில் அந்த வைட்டமின் சி பெரும்பாலும் போய்விட்டது. புளிப்பு இருந்தது, மருந்து இல்லை. வைட்டமின் என்ற பேச்சே அன்றைக்குக் கிடையாது, அவர்தான் என்ன செய்வார்.

இன்று வைட்டமின் சி-யை மாத்திரையில் சரியாகவே போடுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் பழம் என்பது வைட்டமின் சி மட்டும்தானா? மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான காய்கனிகளில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். காப்ஸ்யூலில் பிடிப்பது அரை கிராமோ முக்கால் கிராமோ பொடி. திரும்ப ஊறவைத்தாலும் ஐந்தாறு கிராம்தான், ஒரு வாய்கூட வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ நாளைக்கு 400 கிராம். ஓர் ஆப்பிளில் நார்ச்சத்து மட்டுமே நாலு கிராம் இருக்கும், இங்கே காப்ஸ்யூல் மொத்தமே ஒரு கிராம் இல்லை!

சரி, சத்தை மட்டும் பிரித்துச் செறிவாகக் கொடுத்தால்? பின்லாந்தில் கொடுத்துப் பார்த்தார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வு, 1994-இல் வெளிவந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் இல்லை, மாத்திரை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், பால் முட்டைகூடத் தொடாதவர்களுக்கு வைட்டமின் பி12, இவர்களுக்கு மாத்திரை கட்டாயம் வேண்டும், நான் திட்டினேன் என்று நிறுத்திவிடாதீர்கள். உறைய வைத்த காய்கறி? பறித்த சூட்டோடு உறைய வைத்திருந்தால் நாள்கணக்கில் வாடிக் கிடந்த காயைவிட மோசமில்லை, தாராளமாக வாங்கலாம். நன்றி, வணக்கம்.