நர்ஸிங்கில் சேரும் முன்

வணக்கம் நேயர்களே. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்ம குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் "பிள்ளையை நர்ஸிங்கில் சேர்ப்போமா" என்ற பேச்சு வந்துவிடும். 1838-இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி, வடசேரி கேத்தரின் பூத், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி என்று ஆஸ்பத்திரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். தெருவுக்கு ஒரு அக்காவாவது வளைகுடாவில் நர்ஸாக இருப்பார். அவர் கட்டிய வீட்டைப் பார்த்து ஆசைப்படும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அக்கா லீவில் வரும்போது, முதல் வருஷம் வார்டில் என்ன செய்தீர்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

வார்டு சிஸ்டராகப் பல வருஷம் மாணவிகளைப் பார்த்தவள் நான். படுக்கை விரிக்கத்தான் முதலில் கற்றுக்கொடுப்போம். விரிப்பில் சின்னச் சுருக்கம் இருந்தாலும் பிரித்துத் திரும்பப் போடச் சொல்வோம், பிள்ளைக்கு அழுகை வந்துவிடும். பக்கவாதத்தில் அசையாமல் கிடக்கும் ஒரு பெரியவரின் முதுகுக்கடியில் அந்தச் சுருக்கம் கிடந்தால் தோல் சிவக்கும். விரலால் அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறோம். ஸ்கிரீனை இழுத்துவிட்டு, அவர் கூசிப்போகாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே புரட்டப் பழக மாதக்கணக்கில் ஆகும்.

மருந்து கொடுப்பதும் அப்படித்தான். சரியான ஆள், மருந்து, அளவு, வழி (வாய் வழியாகவா, ஊசியாகவா), நேரம் என்று ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நம்ம ஊரில் ஒரே வார்டில் இரண்டு மேரி இருப்பார்கள்! "நீங்க மேரிதானே?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார், "உங்க பேர் என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கேஸ் ஷீட்டையும் பார்க்க வேண்டும்.

நைட் டூட்டி, வாடை, கண்ணெதிரே மரணம், எல்லாம் உண்டு. முதல் மரணத்தைப் பார்த்த அன்று சாப்பிடாமல் இருந்த பிள்ளைகள் பின்னாளில் மிக நல்ல நர்ஸாக வந்திருக்கிறார்கள், அதனால் அழுகிற பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று முடிவு கட்டாதீர்கள். டாக்டர் சீட் கிடைக்காத கோபத்தோடு வருகிற பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆண் பிள்ளைகளும் தயங்காமல் வரலாம்.

பி.எஸ்ஸி. நர்ஸிங் 4 வருஷம், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்ற பொது நர்ஸிங், பிரசவ உதவி டிப்ளமோ 3 வருஷம். பணம் கட்டும் முன், இந்திய நர்ஸிங் கவுன்சிலும் தமிழ்நாடு கவுன்சிலும் கல்லூரியை அங்கீகரித்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம், பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே நோயாளிகள் வருகிறார்களா, பிரசவங்கள் நடக்கின்றனவா என்று ஆபீஸில் கேட்காமல், அங்கே படிக்கும் மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.