“நீ தமிழா, சீனமா?” ஈப்போவுல இருந்து ஒரு சிண்டியன் பொண்ணு பேசுறேன்

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? இன்னைக்கு சமையல் கிடையாது, சும்மா உக்காந்து பேசப்போறேன். பாட்டிகூட முறுக்கு சுட்ட வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்வி: “இந்தச் சீனப் புள்ள எப்படி இவ்வளவு நல்லா தமிழ் பேசுது?” சில பேரு இன்னும் ஒரு படி மேல போயி, “தத்துப்புள்ளையா?”ன்னு நேராவே கேட்டுட்டாங்க. கோவம்லாம் இல்ல லா. ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் தட்டி விரலு வலிக்குது, அதான் கேமராவ போட்டுட்டேன்.

எங்கப்பா தமிழரு, ஈப்போ பூந்தோங்ல பொறந்து வளர்ந்தவரு. அம்மா கண்டோனீஸ் பேசுற சீனக் குடும்பம், அவங்களும் ஈப்போதான். மலேசியாவுல எங்கள மாதிரி ஆளுங்கள சிண்டியன்னு சொல்லுவாங்க, சைனீஸும் இந்தியனும் சேர்ந்த பேரு. நான் அப்படியே அம்மா சாடை. என் தம்பி அச்சு அசல் அப்பா. பாட்டி வீட்டுக்குப் பக்கத்துல இருந்ததால நான் தமிழ்ப்பள்ளி. அவன் சேர்ற வயசுல வீடு மாறிட்டோம், பக்கத்துல இருந்தது சீனப்பள்ளி. அவன் மாண்டரின்ல கட்டுரை எழுதுவான். எனக்கு போபோ, அதான் அம்மாவோட அம்மா, திட்டுறது மட்டும் நல்லா புரியும்.

எங்க ரெண்டு பேர்கூட கோப்பிக்கடைக்கு வந்து பாக்கணும் நீங்க. தம்பி கண்டோனீஸ்ல ஆர்டர் குடுக்குறான்: கொய்த்தியாவ் (பட்டை நூடுல்ஸ்), காரம் கம்மி, தவ்கே (பயறு முளை) வேணாம். (ஈப்போவுல வந்து தவ்கே வேணாம்னு சொல்றதே பெரிய குத்தம், அது வேற கதை.) கடைக்கார அங்கிள் அவனை ஒரு பார்வை பாத்துட்டு, என் பக்கம் திரும்பி கண்டோனீஸ்ல பதில் சொல்றாரு. நான் திருதிருன்னு முழிக்கிறேன். தம்பி மறுபடி கண்டோனீஸ்லயே சொல்றான். அவரு அவனுக்கு மலாய்ல விளக்குறாரு! காதுல கேட்டத விட கண்ணுல பாத்ததைத்தான் மனுஷன் நம்புறாரு, என்ன பண்றது.

கிளினிக்ல அதுக்கு நேர் எதிரா நடக்கும். எங்க நாட்டு ஐசியில, அதான் அடையாள அட்டையில, இந்தியப் பேருக்கு நடுவுல ஏ/எல், ஏ/பி வரும், இன்னாரு மகன், இன்னாரு மகள்னு. கவுண்டர்ல என் பேரைக் கூப்பிடுவாங்க. நான் எழுந்து போயி முன்னாடி நிப்பேன். அந்தம்மா தலையைச் சாய்ச்சு எனக்குப் பின்னால தேடுவாங்க. “நான்தான்”னு சொன்னா, “இல்ல, நீங்க கொஞ்சம் இருங்க”ம்பாங்க. ஐசிய நீட்டுனதும் படத்தையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க. இதெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடலாம்.

சிரிக்க முடியாத ஒண்ணு சொல்றேன். கோலாலம்பூர்ல வேலை கிடைச்சு ரூம் தேடுனப்ப, ஒரு ஏஜண்டு வீட்டைக் காட்டுனாரு. ரொம்ப மரியாதை. தண்ணி சூடு பண்ற மெஷின் போட்டுக் காட்டுறாரு, எந்த எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கிட்டக்கன்னு சொல்றாரு, டெபாசிட்கூட கொஞ்சம் குறைச்சுப் பேசலாம்ங்குறாரு. சரி எடுத்துக்கறேன்னு ஐசி குடுத்தேன். பேரைப் படிச்சாரு. அப்புறம் ஃபோனை எடுத்துட்டு வெளிய போனாரு. திரும்பி வந்து, “ஓனருக்கு சீனவங்கதான் வேணுமாம், சாரி லா.” அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி இருந்த அதே ஆளுதான் நான். என் சம்பளம் மாறல, நாத்தம் எதுவும் புதுசா அடிக்கல. என் தம்பியா இருந்தா வீட்டு வாசலையே பாத்திருக்க மாட்டான். இந்தப் பாகுபாடு பத்தி யாராவது “அதெல்லாம் பழக்கவழக்கத்துனாலதான், இனத்துனால இல்ல”ன்னு சொன்னா, என்கிட்ட அனுப்பி வைங்க.

இப்ப புகழ்ச்சிக்கு வரேன். “கலப்புப் புள்ளைங்கன்னாலே அழகு, மூளை ஜாஸ்தி, நோய் வராது.” கல்யாண வீட்டுல ஆண்ட்டிங்க கன்னத்தைக் கிள்ளிச் சொல்லுவாங்க. பாராட்டு மாதிரிதான் இருக்கும், ஆனா நாய்க்குட்டி வாங்கும்போது பேசுற பேச்சு இது. பாதிப் பாதி கலந்து ஊத்துனா நடுவுல ஒரு கலர் வரும்னு நினைக்கிறாங்க. தோல் நிறத்துக்குப் பின்னால ஏகப்பட்ட மரபணு இருக்கு, ஒரே வயித்துல பொறந்த நாங்களே ரெண்டு நாட்டுக்காரங்க மாதிரி நிக்கிறோம். நோய் விஷயத்துல உண்மை இன்னும் சங்கடமானது. ரத்தப் புற்றுநோய் மாதிரி வந்து எலும்பு மஜ்ஜை மாத்தணும்னா ஹெச்எல்ஏங்குற திசு வகை பொருந்தணும். கூடப் பொறந்தவங்க முழுசா பொருந்த 25 சதவீதம்தான் வாய்ப்பு. வெளியாளுகிட்ட தேடும்போது, கலப்பு வம்சாவளிக்காரங்களுக்குப் பொருத்தம் அமையறது மத்தவங்களை விட கஷ்டம். கன்னத்தைக் கிள்ளுற ஆண்ட்டிங்க தானம் செய்ய பேரு பதிஞ்சாங்கன்னா உபகாரமா இருக்கும்.

தத்துப்புள்ளையான்னு கேட்டவங்களை நான் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விக்கு இங்க ஒரு சரித்திரம் இருக்கு. 1940கள்ல, 50கள்ல, யுத்தம் முடிஞ்ச பஞ்சத்துல, எத்தனையோ சீனக் குடும்பங்க பொட்டப்புள்ளைங்கள வளர்க்க முடியாம குடுத்துட்டாங்க. புலி ஆண்டுல பொறந்த பொண்ணு குடும்பத்துக்கு ஆகாதுன்னு குடுத்தவங்களும் உண்டு. தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்க அந்தப் புள்ளைங்கள வாங்கி வளர்த்தாங்க. ரப்பர் மரத்துல பால் வெட்டி, மஞ்சள் பூசி, தீமிதிச்சு வளர்ந்த சீன முகத்துப் பாட்டிங்க இன்னும் நம்ம ஊர்ல இருக்காங்க. அவங்க கலப்பு இல்ல, ஆனா எந்தக் கேள்வி கேட்டாலும் தமிழச்சின்னுதான் சொல்லுவாங்க. கல்லுமலை முருகன் கோயில்ல தைப்பூசத்துக்கு அப்படி ஒரு பாட்டியப் பாத்துட்டு, தமிழ்நாட்டுல இருந்து வந்த சுற்றுலாக்காரர் ஒருத்தர் இங்கிலீஷ்ல வழி கேட்டாரு. பாட்டி குடுத்த பதில்ல அவரு ஆடிப்போயிட்டாரு. அவ்வளவு சுத்தமான வசவு.

“இந்தக் காலத்துப் புள்ளைங்கதான் இனம் மாறிக் கட்டுது”ங்குற பேச்சும் சும்மா. மலாக்கா போங்க. மலாக்கா சுல்தான் காலத்துல வந்த தமிழ் வணிகருங்க அங்க மலாய், சீன, ஜாவா பொண்ணுங்களைக் கட்டி உண்டான சமூகம்தான் மலாக்கா செட்டிங்க. காஜா பெராங்ல அவங்க கம்போங், அதான் கிராமம், இருக்கு. வீட்டுல மலாய் பேசுவாங்க, பொம்பளைங்க சாரோங் கெபாயா கட்டுவாங்க, கும்புடுறது நம்ம சாமி. 1781-ல எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் அவங்களோடது. தமிழ் பேசலங்குறதால அவங்களைப் பாத்து “எல்லாத்தையும் தொலைச்சுட்டாங்க”ன்னு உச்சுக்கொட்டுறவங்க இருக்காங்க. அத்தனை தலைமுறையா சாமிய விடாம கும்புடுறவங்ககிட்ட போயி தொலைச்சீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

“பாவம், ரெண்டுக்கும் நடுவுல குழப்பமா இருக்கும்ல?” இதுதான் எனக்கு ஒத்துக்காத இரக்கம். எனக்கு என்ன குழப்பம்? விண்ணப்பப் பாரத்துல ‘பங்சா’, அதான் இனம்னு ஒரு கட்டம்: மெலாயு, சினா, இந்தியா, லாயின்-லாயின் (மத்தவங்க). அதுலதான் குழப்பம் இருக்கு. அப்பா இனத்தைப் போடுன்னு இங்க வழக்கம், ஆபிசர் அலுத்துக்கிட்டா லாயின்-லாயின். சிங்கப்பூர்ல 2011-ல இருந்து நடுவுல கோடு போட்டு ரெண்டு இனத்தையும் பதியலாம். நல்லதுதான், ஆனா வீவக வீட்டு (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) இன விகிதம்னு வரும்போது கோட்டுக்கு முன்னால இருக்குறதுதான் கணக்கு. அங்க வெளியுறவு அமைச்சரா இருக்குற விவியன் பாலகிருஷ்ணனுக்கு அப்பா தமிழர், அம்மா சீனர். நம்ம பினாங்கு நிக்கோல் டேவிட்டுக்கும் அப்பா இந்தியர், அம்மா சீனர். ஸ்குவாஷ்ல 8 தடவை உலகப் பட்டம் ஜெயிச்சாங்க. அப்ப யாரும் எந்தக் கட்டம்னு கேக்கல, எல்லாரும் “நம்ம மலேசியா”ன்னாங்க. ரூம் தேடிப் போனா மட்டும் கட்டம் ஞாபகம் வந்துடுது.

அப்புறம் கடைசியா, “உனக்கென்ன, தீபாவளியும் உண்டு, சீனப் புத்தாண்டும் உண்டு, டபுள் லாபம்”ங்குறவங்களுக்கு. அங்பாவ், அதான் பெருநாளுக்கு உறையில வச்சுக் குடுக்குற காசு, டபுள், உண்மைதான். வீடு கழுவுறதும் டபுள், “எப்ப கல்யாணம்”ங்குற விசாரணையும் ரெண்டு பாஷையில. போபோவுக்கு சீன மாப்பிள்ளைதான் வேணுமாம். அவங்க பொண்ணே கேக்கலையேன்னு சொன்னா, “அதனாலதான் சொல்றேன்”ங்குறாங்க.

அடுத்த வீடியோவுல தம்பிய உக்கார வைக்கிறேன், அவன் ஒத்துக்கிட்டா. அவன் கண்டோனீஸ்ல பேசுவான், கீழ தமிழ்ல எழுத்து போடுறது என் வேலை. அவனைப் பாத்துட்டு “குரல் டப்பிங்கா?”ன்னு கேக்காதீங்க, வாய் அசைவு சரியாத்தான் இருக்கும்.