ஹெட்டைக் கழற்றாமல் முறிந்த ஸ்பார்க் பிளக்கை எடுத்த அரத்தின் வால்

[திரையில்: உள்ளங்கையில் ஒரு பிளக்கின் மேல்பாதி. வெள்ளைப் பீங்கான், அதன் கீழே முறிந்த விளிம்பு.]

என் உள்ளங்கையில் இருப்பது பாதி ஸ்பார்க் பிளக். மரையுள்ள மறுபாதி, 1996ஆம் ஆண்டு மாடல் மாருதி 800 ஒன்றின் நடுச் சிலிண்டருக்கு மேலே, சிலிண்டர்களுக்கு மூடியாக இருக்கும் ஹெட்டுக்குள் இறுகிக் கிடக்கிறது. வண்டி பாம்பன் பாலத்துக்கு இப்பால் இருக்கும் மண்டபம் என்ற ஊரில், என் மாமா வீட்டு வாசலில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. முதலில் வந்து பார்த்த மெக்கானிக், ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோனால்தான் ஆகும் என்று சொல்லி, கேஸ்கட், கூலி, ஏற்றியிறக்கும் வாடகை எல்லாம் சேர்த்து ஒரு தொகையையும் சொன்னார். அதோடு இன்னும் கொஞ்சம் போட்டால் இதே போன்ற பழைய வண்டி இன்னொன்று வாங்கிவிடலாம் என்பது மாமாவின் கணக்கு. கடைசியில் அந்த மரையை வெளியே கொண்டுவந்தது, மாமாவின் தகரப் பெட்டியில் பல் தேய்ந்து கிடந்த ஓர் அரத்தின் வால். செலவு ஒரு புதிய பிளக், ஒரு டம்ளர் டீசல், ஓர் இரவு. நடுவில் ஓர் உப்பு ஜாடியும் வரும். அந்தப் பகுதியைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். இந்த வீடியோவையே நான் அதற்காகத்தான் எடுத்தேன்.

பின்னணியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன்: ஸ்பார்க் பிளக் என்பது பீங்கானுக்குள் ஒரு மின்கம்பியும், பீங்கானைச் சுற்றி மரை வெட்டிய ஓர் இரும்புக் கூடும், அந்தக் கூட்டின் மேலே ஸ்பானர் பிடிக்கும் அறுகோணக் கொண்டையும் கொண்ட ஒரு பொருள், நம் வண்டியில் கொண்டை முறிந்து, பீங்கானும் அதோடு வெளியே வந்து, உள்ளே வெறும் குழாயாக மரை மட்டும் தங்கிவிட்டது.

முறித்தது யார் என்று கருத்துப் பகுதியில் கேட்பீர்கள். ஸ்பானரின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி அழுத்தியவர் மாமா. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க மாமா" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான். வழக்கு அதோடு தள்ளுபடி.

[திரையில்: சமையலறை அலமாரி. கல் உப்பு ஜாடி. அடியில் தேங்கிய நீர்.]

இப்போது உப்பு ஜாடி. கடற்கரையோர வீடுகளில் கல் உப்பை மண் சட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ வைத்திருப்பார்கள். மழை பெய்யாத நாளிலும் அது கசிந்து அடியில் நீர் கட்டும். அந்த நீரை யாரும் ஊற்றவில்லை. சோடியம் குளோரைடு, அதாவது நாம் சாப்பிடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது; கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிடப் பேராசைக்காரன், 33 சதவீதம் ஈரப்பதமே அதற்குப் போதும். அதனால்தான் வாலிநோக்கத்து உப்பளத்தில் கழுவாமல் அள்ளிய உப்பு, கடையில் பாக்கெட்டில் வாங்கும் தூள் உப்பைவிட அதிகமாகக் கசிகிறது. இதே உப்புதான், அலை உடையும்போது எழும் நுண்திவலைகளில் ஏறி, காற்றோடு வந்து, பானெட்டின் இடுக்கு வழியாக நுழைந்து, பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் படிகிறது. பகலில் எஞ்சின் சூட்டில் காய்ந்து பொடியாகிறது. இரவில் ஜாடி கசிவது போலவே அதுவும் கசிந்து, பிளக்கின் கழுத்தைச் சுற்றி உப்புநீர் வளையமாக நிற்கிறது. மழையில் நனையாமல் கொட்டகையிலேயே நிற்கும் வண்டிக்கும் இது நடக்கும். வண்டியை வெளியே எடுப்பதே இல்லை, பிறகு ஏன் பிளக் இறுகியது என்று கேட்பவர்களுக்கு, எடுக்காததால்தான் இறுகியது என்பது என் பதில்.

உப்புநீர் மட்டும் இருந்தால் கதை வெறும் துருவோடு முடிந்திருக்கும். பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் நின்றால் அது ஒரு சிறிய மின்கலம், அந்த மின்கலத்தில் கரைந்து கொடுக்கும் பக்கம் அலுமினியம். விசைப்படகின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதைப் பாம்பன் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: கடல்நீர் அந்தக் கட்டியைத் தின்னும் வரை இரும்புக்கும் புரொப்பல்லருக்கும் ஆபத்தில்லை, கட்டி கரைந்ததும் புதிதாக ஒன்றை மாற்றிவிடுவார்கள். படகில் விலை குறைந்த துத்தநாகம் கரைந்து விலை உயர்ந்ததைக் காக்கிறது. நம் காரிலோ விலை உயர்ந்த ஹெட் தானே கரைந்து, அற்ப விலை பிளக்கைக் காக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நஷ்டமான வியாபாரம் வேறில்லை. கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும்போது முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரையின் பள்ளங்களுக்குள் அது சிமெண்ட் போல இறுகுவதால்தான் பிளக் திரும்ப மறுக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில், இந்த உப்பை நினைத்துத்தான் கான்கிரீட்டுக்குள் எவர்சில்வர் கம்பி போட்டிருக்கிறார்கள். மாருதிக்கு அந்த யோகம் இல்லை.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. அங்கே வெள்ளைப் பொடிக்குப் பதில் சிவப்புத் துரு இருக்கும். சற்று நேரத்தில் நான் சொல்லப்போகும் சூட்டு உத்தி அங்கே பெரிதாகப் பலிக்காது.

[திரையில்: சைக்கிள் பம்பு, ஊசி இல்லாத சிரிஞ்சு, அரம், சிறிய சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி.]

இனி வேலை. முதல் விதி, முறிந்த நிமிடத்திலிருந்து சாவியைத் தொடக்கூடாது. பிளக்கின் பீங்கான் அலுமினா என்னும் பொருளால் ஆனது, அது இரும்பைவிடக் கடினமானது. ஒரு சில்லு உள்ளே விழுந்த நிலையில் பிஸ்டன் ஏறி இறங்கினால் சிலிண்டர் சுவரில் கோடு போட்டுவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மற்ற இரண்டு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டர் நடு பிளக்கின் வயரை நோக்கும் வரை, பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டின் முனையில் உள்ள சக்கரத்தை, அதாவது கிராங்க் புல்லியை, ஸ்பானரால் மெல்லத் திருப்புங்கள். அப்போது அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் மேலே நிற்கும், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஏதாவது விழுந்தாலும் பிஸ்டனின் தலைமேல்தான் கிடக்கும். பிறகு சைக்கிள் பம்பால் குழியை நன்றாக ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து, சிரிஞ்சில் டீசலை எடுத்து மரைக்கூட்டின் வெளி விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழாயின் நடுவில் ஊற்றினால் அது சிலிண்டருக்குள் ஓடிவிடும், மரைக்குப் போகாது. துரு தளர்த்தும் ஸ்ப்ரே இன்னும் வேகமாக ஊறும், கையில் இருந்தால் அதையே அடியுங்கள். நான் மாலை ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை விட்டேன். காலையில் அத்தையின் முடி உலர்த்தியைக் கேட்டு வாங்கி, டீசல் ஈரத்தை முழுவதும் துடைத்துவிட்டு, பெட்ரோல் வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிளக் குழியைச் சுற்றியுள்ள ஹெட்டைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கினேன். அலுமினியம் சூட்டில் விரியும் அளவு இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 14 மில்லிமீட்டர் மரைத்துளையில் 50 டிகிரி சூடேற்றினால் கிடைக்கும் கூடுதல் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் எட்டுப் பங்கு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் வெள்ளைப் பொடியின் பிடியில் கீறல் விழ அந்த இடைவெளி போதும். கீறல் விழுந்த பிறகு இன்னொரு சொட்டு விட்டால் அது உள்ளே இறங்கும். முழுப் பிளக்கைக் கழற்றும்போது மட்டும் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்ற பழைய விதியை மீறாதீர்கள். சூட்டில் அலுமினிய மரை எளிதில் உரிந்துவிடும்.

இப்போது அரம். மரத்துப்பிடிக்குள் சொருகும் கூரான பகுதியைத்தான் வால் என்கிறேன். அரத்தின் பல் பகுதி கண்ணாடி போல உடையக்கூடியது. வால் பகுதி பொதுவாக அந்த அளவு கடினப்படுத்தப்படுவதில்லை, அதனால் முறுக்கைத் தாங்கும். புதிய பிளக்கைப் பக்கத்தில் வைத்து ஆழத்தை அளந்து, வாலின் நுனியைச் சாணையில் வெட்டிக் குட்டையாக்கினேன். இல்லாவிட்டால் அது கூட்டின் அடியில் வளைந்து நிற்கும் மின்முனையை முட்டி, முறித்து, உள்ளே தள்ளிவிடும். நான்கு மூலைகளையும் கூராகத் தீட்டினேன். கண்ணாடி அணிந்து, பல் பகுதியில் துணி சுற்றி, வாலைக் கூட்டுக்குள் நிறுத்தி, சிறிய சுத்தியலால் மூன்றே மூன்று தட்டு. நான்காவது தட்டு வேண்டாம்: ஆப்பு அதிகம் இறங்கினால் மெல்லிய கூடு விரிந்து மரையை இன்னும் இறுக்கும். கடையில் விற்கும் திருகுவடிவ எக்ஸ்ட்ராக்டர் எனக்குப் பிடிக்காததற்கும் இதுவே காரணம்; அது திரும்பத் திரும்பக் கூட்டை விரித்துக்கொண்டே போகும்.

[திரையில்: அரத்தின் உடலைப் பிடித்திருக்கும் ஸ்பானர். மிக அருகில். மெல்லிய கீச்சொலி.]

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, வால் நழுவியதென்று நினைத்தேன். நழுவவில்லை, கூடு அசைந்திருந்தது. இங்கே ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பிளக்கை இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பது பாதிக்குப் பாதி, கொண்டையும் வாஷரும் ஹெட்டை அழுத்தும் அழுத்தம். கொண்டை முறிந்தபோதே அந்த அழுத்தம் போய்விட்டது. மிச்சமிருந்தது வெள்ளைப் பொடியின் பிடி மட்டுமே. முழுப் பிளக்காக இருந்தபோது இரண்டு ஆளும் ஒரு குழாயும் சேர்ந்து திருப்ப முடியாததை, முறிந்த பிறகு ஒரு கையால் திருப்ப முடிந்தது. கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே, இரண்டு சொட்டு டீசல் என்று இருபது நிமிடம் போனது.

வால் பிடிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. வெல்டிங் பட்டறைக்காரரை வரவழைத்து, கூட்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைக்கச் சொல்லலாம். இரும்போடு இரும்பு ஒட்டும், சுற்றியுள்ள அலுமினியத்தோடு ஒட்டாது, அந்தச் சூடும் பிடியைத் தளர்த்தும். பெட்ரோல் குழாயை அடைத்து நகர்த்தாமல் அதைச் செய்யக்கூடாது. அல்லது ஹேக்சா பிளேடுத் துண்டால் கூட்டை உள்ளிருந்து இரண்டு இடத்தில் அறுத்து, உள்நோக்கி மடக்கி எடுக்கலாம். ஹெட்டின் மரையைத் தொடும் முன் நிறுத்தும் கை வேண்டும், எனக்கு அது இல்லை. மரையே போய்விட்டால் ஹெலிகாயில், அதாவது புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள், போட வேண்டியதுதான், அது தனி வீடியோ.

வெளியே வந்ததும், மரை வெட்டும் டாப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பித் துளையில் மெல்ல ஓட்டினேன். பொடி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தத்தை நம்பாதீர்கள், அலுமினியத் தூளும் பீங்கானும் அதில் ஒட்டாது. வேக்கம் கிளீனர் முனையில் மெல்லிய குழாயை ஒட்டி பிஸ்டன் தலையை உறிஞ்சி, டார்ச் அடித்துப் பார்த்து, பிறகே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை இணைத்து, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றினேன். உள்ளே இறங்கியிருந்த டீசல் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. குழிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

புதிய பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸைச் சொருகி விரலால் ஓட்டுங்கள். மரை பிசகினால் ஹோஸ் வழுக்கிச் சொல்லிவிடும். விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பானர் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். மரையில் தடவும் பசையைப் பிளக் தயாரிப்பாளர் சிலர் வேண்டாம் என்கிறார்கள், வழுக்கலில் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவோம் என்பதால். நானும் தடவவில்லை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

மாமா சாவியைத் திருப்பினார். மூன்று சிலிண்டரும் பிடித்தன. மிச்ச டீசல் எரிந்து சைலன்சரிலிருந்து வெண்புகை கிளம்ப, உள்ளேயிருந்து அத்தை சன்னலைச் சாத்தும் சத்தமும், முடி உலர்த்தியைக் கேட்கும் குரலும் வந்தன.