தாமரைப்பாக்கம் சுவர் நிற்கட்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வில்லிவாக்கம் மக்களுக்கும் வணக்கம். ஆற்றின் குறுக்கே நிற்கும் பழைய அணைக்கட்டைக் காப்பதா, அகற்றுவதா என்பது தலைப்பு. நான் காக்க வேண்டும் என்ற அணி. சற்று முன் பேசிய எதிரணித் தோழி, கொசஸ்தலையாற்றின் தாமரைப்பாக்கம் அணைக்கட்டை எடுத்துவிட்டால் ஆறு தன் போக்கில் கடலுக்குப் போகும் என்றார். போகும் அம்மா. என் பயமே அதுதான்.

2019 ஜூலை 12-ம் தேதியை இந்த ஊர் மறந்திருக்காது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இதே வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. அந்தக் கோடையில் என் அம்மா லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். பச்சை பிளாஸ்டிக் குடம். அடியில் விரிசல் விட்ட இடத்தைக் கரண்டியைக் காய்ச்சி உருக்கி ஒட்டியிருந்தார். அப்படியும் சொட்டுச் சொட்டாகக் கசியும். அதனால் கீழே ஒரு கிண்ணம் வைத்திருப்பார், அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் துளசிக்கு. குடம் விரிசல் விட்டது என்பதற்காக அவர் அதைத் தூக்கி எறியவில்லை.

சரி, தாமரைப்பாக்கத்துக்கு வருகிறேன். 1866-ல் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஃப்ரேசர் ஒரு திட்டம் கொடுத்தார். கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரம் ஏரிக்குத் திருப்புவது, அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கு, அப்புறம் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடிவரும்படி போட்ட கணக்கு. 1872-ல் இந்த நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. அதற்கு முன் சென்னை கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்த ஊர்.

பூண்டி நீர்த்தேக்கம் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று கேட்டார்கள். பூண்டி 1944-ல் வந்தது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஐப்பசி கார்த்திகையில் அது நிரம்பியதும் உபரியைத் திறந்துவிடுகிறார்கள். அந்த உபரியும், பூண்டிக்குக் கீழே பெய்யும் மழையும் எண்ணூர்க் கழிமுகத்துக்குத்தான் ஓடுகின்றன. வழியில் அதைச் சோழவரத்துப் பக்கம் திருப்ப ஆற்றில் இருக்கும் இடம் தாமரைப்பாக்கம். ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரை நம்பலாமே என்றால், 1983 ஒப்பந்தப்படி வர வேண்டிய 12 டி.எம்.சி. பெரும்பாலான ஆண்டுகளில் முழுதாக வந்ததில்லை.

இன்னொன்று. அணைக்கட்டுச் சுவருக்கு மேல்புறம் தேங்கும் தண்ணீர் மணலில் இறங்குகிறது. தாமரைப்பாக்கத்திலும் பஞ்செட்டியிலும் மீஞ்சூரிலும் நகரத்துக்காக நிலத்தடி நீரை எடுத்திருக்கிறோம். எடுத்த அளவுக்குத் திரும்ப ஊறாததால் மீஞ்சூர்ப் பக்கக் கிணறுகளில் கடல்நீர் ஏறியது. அந்த விவசாயிகளுக்கு நாம் கடன்பட்டவர்கள். நீர் இறங்கும் இடத்தை இடித்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அமெரிக்காவில் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை எடுத்த கதையைச் சொன்னார்கள். 2024-ல் வேலை முடிந்தது, சால்மன் மீன் திரும்பி வந்தது. படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. அங்கே பழங்குடி மக்கள் பல்லாண்டு போராடிப் பெற்ற வெற்றி அது. ஆனால் அந்த நான்கும் மின்சாரத்துக்காக நின்றவை. வேறு வழியில் மின்சாரம் கிடைக்கும். நம்முடையது குடிநீருக்கு ஆற்றைத் திருப்பும் தாழ்வான சுவர், வெள்ளம் வந்தால் அதன்மேல் வழிந்து போகும். 'அணைக்கட்டு' என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் 'அனிகட்' என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

திருச்சி முக்கொம்பைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். 1836-ல் கட்டத் தொடங்கிய அணை; 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. உண்மை. ஆனால் படுகை மணலை அள்ளி அள்ளி ஆற்றைத் தாழ்த்தியது யார்? முக்கொம்பில் அதற்குப் பிறகு புதிய கதவணை கட்டினார்களே தவிர, இனி அணையே வேண்டாம் என்று யாரும் விடவில்லை. பக்கத்திலேயே கல்லணை நிற்கிறது.

மீன்கள் மேலேற முடியவில்லை என்று எதிரணி சொன்னது மட்டும் நியாயம். அதற்குச் சுவரின் ஓரத்தில் மீன் ஏறப் படிவழி கட்டலாம், கட்ட வேண்டும்.

அடைமழைக்கு முன் மேல்புறத்து மணலைத் தூர்வாருங்கள், விரிசலைப் பூசுங்கள், சோழவரத்துக்குப் போகும் கால்வாயில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை எடுங்கள் என்று ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். மேடைக்குக் கீழே மேஜைமேல் இருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் எதிரணித் தோழியும் அதில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.